நண்டு நெபுலாவுக்கு ஒரு ஓகே

கூட்டத்துக்கு இன்னும் சரியாக இருநூற்றுப் பதினாறு மணி நேரம் இருந்தது. தேவிப்பிரியா அதை இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு அடியில் செல்போனை மறைத்து வைத்து, கால்குலேட்டரில் கட்டைவிரலால் தட்டிக் கண்டுபிடித்தாள். இன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கூட்டம் இந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு, அதே பத்து மணிக்கு. மேஜைக்கு மேலே அவளுடைய இன்னொரு கை ஒரு டி-ஷர்ட்டின் நெஞ்சளவில் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தது.

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அந்தப் போன் வந்தது.

"தேவிப்பிரியாங்களா? அருள்குமார் பேசறனுங்க, கோயமுத்தூர் வானியல் வட்டத்துல இருந்து. நீங்க பார்த்த நெபுலா லிஸ்ட் வந்துச்சு. பத்துக்குப் பத்துங்களா?"

"ம்."

"மத்த ஒம்பதை விடுங்க. மூணு இஞ்ச் டெலஸ்கோப்புல, அதுவும் திருப்பூருக்குள்ள இருந்துட்டு, நண்டு நெபுலாவைப் புடிச்சிருக்கீங்க. நானும் மூணு வருசமா இங்க முட்டிட்டு இருக்கறனுங்க, அது கண்ணுலயே சிக்க மாட்டீங்குது. நீங்க மார்ச் ஒண்ணாந்தேதி வந்து பத்து நிமிசம் பேசோணும். 'எனக்குப் பிடித்த நெபுலாக்கள்'. நோட்டீஸ் அடிச்சாச்சுங்க."

"ஏனுங்க, நான் வந்து..."

"பயப்படாதீங்க. நாப்பது பேருதான் வருவாங்க."

நாற்பது பேர். கல்லூரியில் இயற்பியல் செமினாருக்கு அவள் எழுந்து நின்றபோது வகுப்பில் இருந்தது பதினெட்டுப் பேர். அன்றைக்கு அவள் பேசியது முதல் வரிசைக்கே கேட்கவில்லை என்று பேராசிரியை மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார். ஆனால் இப்போது அவளுக்குப் பிரச்சினை நாற்பது பேர் அல்ல.

நண்டு நெபுலாவை அவள் பார்த்ததே இல்லை.

மற்ற ஒன்பதும் சத்தியம். நெபுலா என்பது நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு மேகம். புத்தகத்தில் அது வண்ண வண்ணமாக இருக்கும். சின்னத் தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான். அந்த மங்கலுக்காகத்தான் அவள் ஒரு வருடமாக அனுப்பர்பாளையத்து வீட்டு மாடியில் பழி கிடந்தாள். ஓரியன் நெபுலா, கரும்பலகையை அழித்த பிறகு அதில் தங்கிவிடும் சாக்பீஸ் புகை. வளைய நெபுலா, சட்டையில் தைக்காமல் விட்ட ஒரு குட்டிப் பொத்தான். டம்பெல் என்கிறார்களே, அது அவளுக்கு இரண்டு பக்கமும் கடித்துப் போட்ட கொய்யா. அன்ன நெபுலாவைப் பார்த்த அன்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னமாவது ஒன்றாவது, யாரோ வானத்துக்கு டிக் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், குறிப்பு எல்லாம் நோட்டில் இருக்கிறது.

பத்தாவதாக இருந்தது நண்டு. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெடித்த நாட்களில் அது பட்டப்பகலிலேயே தெரிந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது ரிஷபத்தின் கொம்பு நுனியில் இருக்கும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், இருக்கிறேன் இல்லை என்று கிடக்கிறது. அவள் எத்தனையோ முறை தேடிவிட்டாள். பக்கத்துப் பாத்திரப் பட்டறையின் மெர்குரி விளக்கு மாடியைப் பகலாக்கி வைத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் நண்டும் தெரியாது, நத்தையும் தெரியாது.

அப்படியானால் பத்தாவது வரியில் ஓகே எப்படி வந்தது?

அது கை செய்த வேலை. ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி அசிஸ்டெண்டாக இரண்டு வருடம் இருந்தவர்களின் கைக்குத்தான் அது புரியும். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பரிசோதனைக்கு வருவதற்கு முந்தின நாளே ரிப்போர்ட்டை நிரப்பி வைத்துவிட வேண்டும். கழுத்து ஓகே, தோள் ஓகே, கை ஓகே, அடிமடிப்பு ஓகே. மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். பிறகு எந்த பீஸ் அந்த ஓகேவுக்குத் தகுதியில்லையோ அதைப் பிடித்துச் சரி செய்வார்கள். சூப்பர்வைசரின் வேதவாக்கே அதுதான்: "மொதல்ல ஓகே போடு, அப்பறம் பீஸை ஓகே பண்ணு." வானியல் வட்டத்தின் படிவம் ஜனவரியில் தபாலில் வந்தபோது, அவள் சாப்பாட்டு இடைவேளையில், இதே மேஜையில், இதே பேனாவால் நிரப்பினாள். பார்த்தீர்களா என்ற கட்டத்தில் ஓகே, ஓகே என்று கை இறங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது பத்து ஓகே இருந்தது.

அடித்திருக்கலாம். ஆனால் அடித்துத் திருத்திய ரிப்போர்ட் செல்லாது என்பதும் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில் பத்தாவதை மட்டும் காலியாக விட்டாள். யாராவது இதைப் படிப்பதற்குள் பார்த்துவிடலாம் என்று ஒட்டி அனுப்பிவிட்டாள்.

இப்போது பீஸை ஓகே பண்ண வேண்டும். இருநூற்றுப் பதினாறு மணி நேரத்துக்குள்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மாலைகள் போயின. மெர்குரி விளக்கு ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. அப்பா கருப்புசாமி மாடிக்கு வந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குழாய்க்குள் கண்ணை விட்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சளிக்கு ஆவி புடிக்கறயா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் நதியா பிடித்துக்கொண்டாள். நதியா சாத்தூர்ப் பக்கம். துணி செக்கிங் மெஷினில் நிற்பவள். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, கறை, அறுந்த இழை எது வந்தாலும் மெஷினை நிறுத்தி, ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கம்பெனியிலேயே அவள் கண்ணுக்குத்தான் பயம்.

"என்ன பிள்ள, மூஞ்சியில பெரிய டேமேஜா இருக்கு? மாப்ள பாக்க வாராகளா?"

"இல்லீங்கக்கா. ஒரு நெபுலா பார்க்கோணும். இருட்டு கெடைக்க மாட்டீங்குது."

"யாரைப் பாக்கணும்?"

தேவிப்பிரியா சொன்னாள். கூட்டத்தைச் சொன்னாள், பத்து நிமிடத்தைச் சொன்னாள், மெர்குரி விளக்கைச் சொன்னாள். ஓகே போட்டதை மட்டும் சொல்லவில்லை.

நதியா டீயை ஒரே மடக்கில் முடித்தாள். "இருட்டுதான வேணும்? எங்க லைன் வீட்டுக்கு வா. இந்த வாரம் ஏழுல இருந்து ஏழே முக்கா வரைக்கும் எங்களுக்குக் கரண்டு கட்டு. ஏரியாவே குகை மாதிரி கெடக்கும். எங்க வீட்டுக்காரர் பல்லைக் காட்டுனாத்தான் ஆளே இருக்காருன்னு தெரியும்."

கம்பெனியிலும் அந்த வாரம் டீசலை மிச்சம் பிடிக்க செக்கிங் ஆட்களை ஆறரைக்கே விட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தேவிப்பிரியா தொலைநோக்கியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, வேலம்பாளையத்தின் ஓரத்துக்குப் போனாள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பன்னிரண்டு அறைகள். தெற்கிலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பங்கள். மேலே மொட்டை மாடி, ஒரு தண்ணீர் தொட்டி. அதற்கப்பால் சோளக்காடு.

லைனின் சொந்தக்காரி நஞ்சம்மாள் மாடிப்படியில் வழி மறித்தார். "ஏனுங்க கண்ணு, அதென்ன கொழாய்? தண்ணித் தொட்டிக்கு எதாச்சும் கனெக்சன் குடுக்கறீங்களா?"

"இல்லீங்க. நட்சத்திரம் பாக்கறதுக்குங்க."

"பாத்துட்டு?"

நதியா முன்னால் வந்து, "பாத்துட்டு எறங்கிருவோம்மா, தளத்துல ஆணி அடிக்க மாட்டோம்" என்றாள். நஞ்சம்மாள் வழி விட்டார். ஆனால் பின்னாலேயே ஏறி வந்தார்.

சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போனது. தேவிப்பிரியா நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளுக்குக் குனிய மனம் வரவில்லை. தலைக்கு நேர் மேலே ரிஷபம், ரோகிணியின் சிவப்பு, பக்கத்தில் மிருகசீரிடத்தின் மூன்று நட்சத்திரங்கள், எல்லாம் கழுவி வைத்த மாதிரி நின்றன. அவள் வீட்டுக்கும் இந்த இடத்துக்கும் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.

கொம்பு நுனி நட்சத்திரத்தைப் பிடித்தாள். அங்கிருந்து ஒரு துளி வடமேற்கே நகர்த்தினாள். வட்டமான இருட்டுக்குள் ஏழெட்டு நட்சத்திரப் புள்ளிகள். மங்கல் எதுவும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள். பத்து நிமிடம் போனது.

"தள்ளு, நான் பாக்கேன்" என்று நதியா ஒரு கண்ணை வைத்தாள். பிறகு, "ஏன் பிள்ள, இது ஏன் நின்னுக்கிட்டே இருக்கு?" என்றாள்.

"எதுங்கக்கா?"

"துணி. நின்ன துணியில கறை தெரியுமா? ஓடுனாத்தான தெரியும்?" என்றவள், கேட்காமல் கொள்ளாமல் குழாயின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள். தேவிப்பிரியா பதறிப்போய்க் கையைப் பிடிக்கப் போனாள். நதியா மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை மெல்ல, மெஷினில் துணியை இழுக்கும் அதே நிதானத்தில், அங்கும் இங்கும் ஒரு மயிரிழை ஆட்டினாள்.

"அந்தா. ஆயில் கறை."

"எங்கக்கா?"

"நடுவுல கொஞ்சம் மேல. தொடச்சும் போகாத கறை இருக்கும்ல, அந்த மாதிரி. நீளவாக்குல இருக்கு. ஆட்டுனா இருக்கு, நிறுத்துனா போயிருது."

தேவிப்பிரியா அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நீளவாக்கில் என்று அவள் நதியாவிடம் சொல்லவே இல்லை. புத்தகத்தில்தான் அப்படி இருக்கிறது. ஆடும்போது மங்கலான பொருளும் கண்ணில் படும் என்பதும் ஏதோ ஒரு புத்தகத்தின் மூலையில் இருக்கிறது. அவள் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தாள்.

"நான் பாக்கறனுங்கக்கா" என்று அவள் வருவதற்குள் நதியாவின் கணவன் வீரணன் படியேறி வந்துவிட்டான். "என்னமோ கறைங்கிற? தள்ளு, நம்ம சைடுல இருந்து போன துணியா இருக்கப் போவுது." அவன் துணியைச் சுருங்காமல் அழுத்தும் மெஷினில் வேலை பார்ப்பவன். கறை என்று யார் சொன்னாலும் பழி தன் மேல் விழும் என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அவனுக்குப் பின்னால் பக்கத்து அறை முத்துப்பேச்சி வந்தாள். அவளுக்குப் பின்னால் நஞ்சம்மாள் நின்றார். தேவிப்பிரியா ஒதுங்கிக்கொண்டாள். பெரியவர்கள் நிற்கும்போது எப்படி முந்துவது?

நதியா குழாயை ஆட்டிக்கொண்டே, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டாள். வீரணன் பார்த்தான். "தெரியுது. ஆனா இது சாயப்பட்டறை டையிங்ல வந்தது, எங்க சைடு இல்ல" என்றான். நஞ்சம்மாள் கண்ணை வைத்த அடுத்த நிமிடம் தெருவெல்லாம் பளிச்சென்று ஆனது. கரண்ட் வந்துவிட்டது.

புதன்கிழமை மேகம். வியாழக்கிழமை தேவிப்பிரியா போனபோது மாடியில் ஏற்கெனவே பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வறுத்த கடலை கொண்டுவந்திருந்தார்கள். "டாக்டரம்மா வந்துட்டாக" என்று முத்துப்பேச்சி எழுந்து இடம் கொடுத்தாள். எம்.பி.பி.எஸ். இல்லை, பி.எஸ்ஸி. இயற்பியல் என்று சொல்ல தேவிப்பிரியாவுக்கு வாய் வரவில்லை.

அன்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. நதியா ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் ஆமாம் போட்டிருக்கலாம். ஆகவே கம்பெனியிலிருந்து கறுப்பு பனியன் வேஸ்ட் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் வெள்ளை சாக்கட்டியால் அந்த வட்டத்துக்குள் தெரியும் நட்சத்திரங்களைப் புள்ளி வைத்திருந்தாள். பார்த்தவர்கள் யாரிடமும் பேசாமல் தொட்டிக்குப் பின்னால் போய், கறை எங்கே இருந்ததோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு, சிவப்புத் துணி கட்டிய டார்ச்.

"பரீட்சையா?" என்றாள் முத்துப்பேச்சி. "நான் அஞ்சாப்புப் பரீட்சைக்குப் பயந்துதான் வேலைக்கு வந்தேன்."

"பாத்து எழுதுனா வெளிய அனுப்பிருவாக" என்றான் வீரணன்.

ஒவ்வொருவராகப் போனார்கள். நதியா குழாயை ஆட்டும் வேலை பார்த்தாள். தேவிப்பிரியா படியில் டார்ச்சும் கையுமாக நின்று, ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வெளிச்சம் காட்டினாள். நஞ்சம்மாளுக்கு மூட்டு வலி. அவருக்குச் சிவப்பு வெளிச்சம் பத்தாது, வெள்ளை வேண்டும். நெபுலா பார்க்கும் கண்ணுக்கு இருட்டு பழக அரை மணி நேரம் ஆகும் என்று மற்ற எல்லோருக்கும் சொன்னது அவள்தான். அவள் கண்ணுக்குத்தான் அந்த அரை மணி நேரம் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

கரண்ட் வந்த பிறகு பதினைந்து துண்டுகளையும் நதியாவின் அறையில் தரையில் பரப்பினார்கள். பதினோரு அம்பு ஒரே இடத்தைக் காட்டியது. தேவிப்பிரியா பையிலிருந்த வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டாள். சரியாக அங்கேதான் இருந்தது. மீதி நான்கில் ஒன்று ஒரு நட்சத்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு எங்கோ போயிருந்தன. ஒன்றில் அம்பே இல்லை, முத்துப்பேச்சியின் பேத்தி அதில் ஒரு பூனை வரைந்திருந்தாள்.

"பதினஞ்சுக்குப் பதினொண்ணு" என்றாள் நதியா. "நம்ம கம்பெனியில இவ்வளவு பாஸ் ஆனா போனஸே குடுப்பாக."

முத்துப்பேச்சி தன் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அவளுடைய அம்பு சரியான இடத்தில் இருந்தது. "அப்ப நான் பாஸா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு அந்தத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்துக்கு வேண்டும் என்று தேவிப்பிரியா கெஞ்சியும் மறுநாள் வரைக்கும் தரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் தேவிப்பிரியாவும் சேர்ந்து சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த மாடியில் இருந்தவர்களில் நண்டைப் பார்க்காதவர்கள் ஐந்து பேர். அந்த நான்கு பேர், அப்புறம் தொலைநோக்கியின் சொந்தக்காரி.

யாரும் கேட்கவில்லை. குழாய் அவளுடையது, எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்வது அவள். அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று யாருக்குத் தோன்றும்?

வெள்ளிக்கிழமை மேற்கே பிறையும் வெள்ளிக் கிரகமும் அடுத்தடுத்து வந்து நின்றன. லைனே தெருவில் இறங்கி அண்ணாந்து நின்றது. மாடிக்கு அக்கம்பக்கத்து லைன்களிலிருந்தும் ஆள் வந்தார்கள். நெபுலாவாவது மண்ணாவது, எல்லோருக்கும் பிறையைக் குழாயில் பார்க்க வேண்டும். "யாத்தி, அம்மைத் தழும்பு" என்றாள் முத்துப்பேச்சி, நிலாவின் குழிகளைப் பார்த்து. ஒரிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லர் பார்த்துவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். தேவிப்பிரியா முக்கால் மணி நேரமும் நிலாவையே பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கரண்ட் வந்தபோதுதான் செல்போனைப் பார்த்தாள். முப்பத்தெட்டு மணி நேரம்.

சனிக்கிழமை, கடைசி மாலை. நதியா மாடிப்படிக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு யாரும் கெடையாது. நாளைக்குப் பேசப் போறவ நீ. ஒரு தடவை நிம்மதியா பாத்துக்கோ."

அடியிலிருந்து நஞ்சம்மாள் கதவைத் தட்டினார். "ஏம்மா நதியா, எங்க தங்கச்சி வந்திருக்குதும்மா, ஒரே ஒரு வாட்டி காட்டீரம்மா." நதியா தேவிப்பிரியாவைப் பார்த்தாள். தேவிப்பிரியா போய்த் தாழைத் திறந்தாள். டார்ச்சை அடித்து, தங்கச்சியைக் கைப்பிடித்து ஏற்றினாள். தங்கச்சிக்கு நிலா வேண்டும், பிறகு வெள்ளி வேண்டும், பிறகு அந்தக் கறையும் வேண்டும்.

எல்லாம் முடிந்து அவள் குனிந்தபோது ஏழு முப்பத்தெட்டு. கண்ணுக்குள் டார்ச்சின் வெளிச்சம் இன்னும் பச்சையாக நீந்திக்கொண்டிருந்தது. நதியா குழாயின் வயிற்றில் கை வைத்தாள். மெல்ல ஆட்டினாள்.

"தெரியுதா?"

தேவிப்பிரியா கண்ணை எடுக்கவில்லை.

"நடுவுல கொஞ்சம் மேல. தெரியுதா பிள்ள?"

நதியாவின் முகம் அவளுக்கு மிக அருகில் இருந்தது. ஒரு வாரமாக நின்று நின்று அந்தக் கை குழாயை ஆட்டியிருக்கிறது.

"ம்" என்றாள் தேவிப்பிரியா.

நதியா மாடி அதிரும்படி கை தட்டினாள். கீழே லைனிலும் யாரோ காரணம் தெரியாமலே கை தட்டினார்கள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

ஞாயிறு காலை கோயமுத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் போனார்கள். நதியா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். முத்துப்பேச்சி, தன் துண்டும் காட்சிக்கு வைக்கப்படுவதால் தானும் கூட இருக்க வேண்டும் என்று வந்திருந்தாள். பேச வேண்டியதை தேவிப்பிரியா நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் அதைப் படித்துக் காட்டச் சொன்னாள் நதியா. முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல நாங்க எங்க?" என்றாள். தேவிப்பிரியா நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் போட்டாள்.

ஒரு பள்ளிக்கூடத்து ஹால். நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொரு தலையாக எண்ணிய பிறகுதான் அவள் மேடை ஏறினாள். முதல் இரண்டு நிமிடம் அவள் பேசியது முதல் வரிசையைத் தாண்டவில்லை. "சத்தமா சொல்லு பிள்ள, மெஷின் ஓடுதுன்னு நெனச்சுக்கோ" என்று மூன்றாவது வரிசையிலிருந்து முத்துப்பேச்சி சொன்னாள். ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அவளுடைய குரல் வெளியே வந்துவிட்டது.

சாக்பீஸ் புகையைச் சொன்னாள். பொத்தானைச் சொன்னாள். கடித்த கொய்யாவைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அன்னத்தை டிக் என்று கையால் போட்டுக் காட்டினாள். பிறகு கறுப்புத் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டிவிட்டு, வேலம்பாளையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஓடும் துணியில்தான் கறை தெரியும் என்றாள். "இதைக் கண்டுபுடிச்சது நதியாக்கா, அங்க பட்டுச் சேலையில இருக்கறாங்க" என்றபோது எல்லோரும் திரும்பினார்கள். நதியா எழுந்து நின்று கும்பிட்டாள். வீரணன் டையிங் மேல் பழி போட்டதைச் சொன்னாள், பூனையைச் சொன்னாள். பதினோரு அம்புகளும் ஒரே இடத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியபோது ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை, மணி அடிக்க வேண்டிய அருள்குமாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் அவர்தான் எழுந்தார். கையில் அவளுடைய படிவம் இருந்தது.

"இன்னைக்கே நான் போய்க் கொழாயை ஆட்டோணுமுங்க" என்றார். ஹால் மறுபடி சிரித்தது. "ஒரே ஒரு கேள்விங்க. இதுல ஒம்பதுக்கும் எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. பத்தாவதுக்கு மட்டும் காலியா விட்டுட்டீங்க. இப்ப பதினோரு பேர் பார்த்ததையும் சொல்லீட்டீங்க. உங்க கண்ணுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

பதில் எளிது. ஆயில் கறை என்று சொல்லலாம். துடைத்தும் போகாதது, நீளவாக்கில், ஆட்டினால் இருக்கும், நிறுத்தினால் போய்விடும். அந்தப் பதினோரு பேரின் வார்த்தைகளும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது வரிசையில் நதியா, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

தேவிப்பிரியாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. அதை அடக்கிக்கொண்டு பேச அவளால் முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க மாடிக்கு வந்தவங்கள்ல பதினோரு பேரு பாத்துட்டாங்க. இந்தப் படிவத்துல ஓகே போட்டப்பவும் சரி, நேத்து நதியாக்கா ஆட்டிக் காட்டுனப்பவும் சரி, நான் மட்டும் இன்னும் பாக்கலீங்க."